மௌனமும் பொய்யாகுமோ?

பொய்யுரையாமை என்னும் சீலத்தை மேற்கொண்டோருள் சிலர், "நான் பொய் ஒன்றும் சொல்லவில்லை, வாய் திறவாதிருந்தேன், அவ்வளவே" என்று கூறி அமைதியுறுகின்றனர். வாய் திறவாமை எக்காலத்துப் பொய்யாகும் என்பதை, நம்மிற் பலர் ஆண்டுதோறும் கையொப்பமிடும் மோட்டார் இன்ஷூரன்ஸ் விண்ணப்பத்தைக் கொண்டே ஆராய்வோம்.

குமுளியில் கார் வைத்திருக்கும் ஒருவரைக் கற்பனையாகக் கொள்வோம். கம்பத்திற்குச் சென்றவர் மது அருந்தி வண்டி ஓட்டினார். தேனி மாவட்டத்து நீதிமன்றம் ஒன்று அபராதம் விதித்தது. ஓட்டுநர் உரிமமும் சில மாதம் நிறுத்தப்பட்டது. மறு ஆண்டு அவர் வேறொரு கம்பெனியில் இன்ஷூரன்ஸ் எடுக்கிறார். வண்டி ஓட்டியதன் பொருட்டு முன்னர்த் தண்டனை பெற்றதுண்டா என்று விண்ணப்பம் வினவுகிறது. மலைக்கு அப்பால் நடந்ததை இங்கு யார் அறிவார் என்றெண்ணி, அவர் "இல்லை" என்றும் எழுதாமல், "ஆம்" என்றும் எழுதாமல், அவ்விடத்தை வெறுமையாக விடுகிறார்.

சில திங்கள் கழிகின்றன. மலைப்பாதையின் வளைவொன்றில், ஏலத்தோட்டத்திலிருந்து வீடு திரும்பும் கூலித் தொழிலாளி ஒருவர்மீது அவர் வண்டி மோதிவிடுகிறது. அப்பொழுதுதான் பழைய ஏடுகள் புரட்டப்படுகின்றன. வாளையாற்றிலும் போடிமெட்டிலும் மாநில எல்லை உண்டு. பதிவேடுகளுக்கு அவ்வெல்லை இல்லை. ஓட்டுநர் உரிமங்களின் விவரம் இன்று "சாரதி" என்னும் நாடு தழுவிய கணினிப் பதிவில் அடங்கியுள்ளது.

இனி நிகழ்வது யாது? முக்கியமான செய்தி மறைக்கப்பட்டது என மெய்ப்பிக்கப்படின், தம் வண்டிக்கு நேர்ந்த சேதத்திற்கு அவர் கேட்கும் தொகை மறுக்கப்படலாம். அது அவர் விதைத்ததன் விளைவு. ஆயின் அடிபட்ட தொழிலாளி என்ன பிழை செய்தார்? அவரைப் போன்றோரைக் காக்கவே, பிறர்க்கு நேரும் கேட்டிற்கான இன்ஷூரன்சை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியது. அதே சட்டம், முக்கியச் செய்தியை மறைத்துப் பெற்ற பாலிசி செல்லாது என்று வாதிடும் உரிமையையும் கம்பெனிக்கு அளித்துள்ளது. உரிமம் பற்றிய வழக்கொன்றில், 2004ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், கம்பெனி முதலில் பாதிக்கப்பட்டோர்க்கு இழப்பீடு தந்துவிட்டுப் பின்னர் வண்டியின் உடைமையாளரிடம் அதனை வசூலிக்கலாம் என்னும் வழியை ஏற்றது. இவ்வழி திறந்தாலும், உடைமையாளர் தம் வீடு வாசலை இழக்க நேரலாம். திறவாவிடின், ஏழையின் குடும்பம் வெறுங்கையோடு நிற்கும். எழுதாமல் விட்ட ஒரு வரி இத்துணைத் தூரம் செல்லும்.

"அபராதம் கட்டினேன்; தண்டனை தீர்ந்தது. அது என்னை இன்னும் தொடர்வது நியாயமோ?" என அவர் வினவலாம். வினா நேரியதே. ஆயினும் அபராதம், செய்த குற்றத்திற்கு விடை. விண்ணப்பம் கேட்பதோ, இனி வரக்கூடிய இடர் எத்தகையது என்பது. இன்ஷூரன்ஸ் நிதி பலர் ஊற்றிய நீரால் நிறைந்த பொதுக் குடம். அதிலிருந்து முகக்க வருபவர், கேட்கப்பட்டதை மறைத்தல் முறையன்று.

சங்கத்தின் பழைய ஒழுங்கு இதனைத் தெளிவாக்குகிறது. உபோசத நாளில் பாதிமோக்கம் ஓதுமுன், குற்றமுடையோர் அதனை வெளியிடுமாறு கேட்கப்படுவர். மௌனமாயிருப்போர் தூயோர் எனக் கொள்ளப்படுவர். மும்முறை கேட்டும், தம் குற்றத்தை நினைவில் வைத்துக்கொண்டே வெளியிடாதவர், அறிந்தே பொய்யுரைத்தவர் ஆவர். அங்கு மௌனமே விடையாக ஏற்கப்படுதலின், மௌனமே பொய்யுமாகிறது. வெறுமையாக விட்ட விண்ணப்பமும் இத்தகையதே.

ஆயினும் கேளாததையெல்லாம் பறைசாற்றுதல் கடமையன்று. கேட்பவர்க்கும் ஓர் அறம் உண்டு. இங்கிலாந்தில் 1974ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, குறித்த காலம் கழிந்த சிறு தண்டனைகளை மறைவாகவே வைத்துக்கொள்ளும் உரிமையைத் திருந்தியவர்க்கு அளித்தது. உண்மை சொன்னவனை என்றென்றும் ஒதுக்கி வைக்கும் சமூகம், பொய்யைத் தானே வளர்க்கிறது.

அங்குலிமாலரைப் பிடிக்கப் பசேநதி மன்னன் வந்தபோது, பகவன் அவரை மறைக்கவில்லை. இவரே அவர் எனச் சுட்டிக் காட்டினார். மன்னனும் அவருடைய மாற்றத்தைக் கண்டு வணங்கினான். பழமையை வெளியிடும் துணிவும், வெளியிட்டவரை ஏற்கும் பெருந்தன்மையும் ஆங்கு ஒருங்கே நின்றன.

ஆதலின் அன்பர்களே, அடுத்த முறை விண்ணப்பம் கைக்கு வரும்போது, முகவர் நிரப்பட்டும் என்று வெறுந்தாளில் ஒப்பமிட்டுத் தராதீர். ஒவ்வொரு வினாவையும் படித்து விடை எழுதுக. முன்னரே மறைத்திருப்பின், இன்றே கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதுக. பிரீமியம் சற்று உயரலாம். விபத்திற்கு முன் எழுதும் அக்கடிதம் உண்மை. பின் எழுதுவது வெறும் சமாதானம்.