வேலையிழப்பும் தன்மானமும்

வேலை என்பது வயிற்றுக்குச் சோறு தருவது மட்டுமன்று. அது மனிதனுக்கு ஒரு பெயரையும் ஓர் இடத்தையும் தருகிறது. காலையில் எழுந்து புறப்பட ஒரு காரணத்தைத் தருகிறது. ஆதலால், வேலை இழந்தவன் சம்பளத்தை மட்டும் இழப்பதில்லை. அவனுக்கு அரசோ சமுதாயமோ ஒரு தொகையை அளிக்கும்போது, அஃது எந்தப் பெயரால் அளிக்கப்படுகிறது என்ற கேள்வி எழுகிறது. அது தருமமா? கடனா? உரிமையா? பொருளியல் கேள்வி போலத் தோன்றினும், இஃது உண்மையில் அறவியல் கேள்வியே ஆகும்.

திருக்குறளில் ஈகைக்கு ஓர் அதிகாரம் உண்டு. இரவுக்கும் ஓர் அதிகாரம் உண்டு. அதனை அடுத்தே இரவச்சம் என்னும் அதிகாரமும் நிற்கிறது. கொடுப்பதைப் போற்றிய மரபே, கேட்பதற்கு நாணவும் கற்பித்தது. அம்மரபில் வளர்ந்த உழைப்பாளி வேலை இழந்து நிற்கும்போது, பசியைவிடக் கை நீட்டுவதே அவனுக்குக் கொடிதாகிறது. எனவே, வேலையிழந்தோர்க்கு உதவும் சட்டம் எதுவாயினும், அது வயிற்றை நிரப்புகிறதா என்று மட்டும் பார்த்தல் போதாது. தலை குனியாமல் பெறும் வழியை வகுத்திருக்கிறதா என்றும் பார்த்தல் வேண்டும்.

இக்கேள்வி மலேசியத் தமிழர்க்குப் புதியதன்று. தோட்டத்தில் வேலை போனால் வேலை மட்டும் போவதில்லை. லயத்து வீடும் உடன் போகும். பிள்ளைகள் படிக்கும் பள்ளியும், முன்னோர் எழுப்பிய கோயிலும் அந்நிய நிலத்தில் நின்றுவிடும். 1950-களிலும் 1960-களிலும் ஐரோப்பியக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றன. வாங்கியோர் அவற்றைத் துண்டு துண்டாக விற்றனர். தோட்டத் துண்டாடல் என்று இன்றும் நினைவுகூரப்படும் அத்துயரத்தின் நடுவே, 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டியோர் மாதம் 10 வெள்ளியாகச் செலுத்தி 100 வெள்ளிப் பங்கைப் பெற்றனர். அச்சிறு தொகைகளின் திரட்சியால் விற்பனைக்கு வந்த தோட்டங்களைச் சங்கம் வாங்கியது. அது வேலையிழப்புக் காப்புறுதி அன்று. ஆயினும் அதன் உட்கருத்து அதுவே: நாளை யார் வீட்டுக் கதவைத் தட்டும் என்று தெரியாத துன்பத்துக்காக, இன்று எல்லாரும் சிறிது சிறிதாகச் சேர்த்து வைத்தல்.

சட்டம் இவ்வழிக்கு வர நெடுங்காலம் ஆயிற்று. 1955-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டத்தின் கீழ் 1980-இல் வகுக்கப்பட்ட விதிகள், ஆட்குறைப்புக்கு ஆளானோர்க்கு இழப்பீட்டை உறுதி செய்தன. வேலை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும், 2 ஆண்டுக்குக் குறைந்த சேவையாயின் 10 நாள் சம்பளம். 2 முதல் 5 ஆண்டுக்குட்பட்டதாயின் 15 நாள் சம்பளம். அதற்கு மேற்பட்டதாயின் 20 நாள் சம்பளம். உழைத்த ஆண்டுகள் வளர வளர முதலாளியின் கடனும் வளரும் என்ற கொள்கை நேரியதே. ஆனால் அதில் ஒரு குறை உண்டு. ஆலை மூடப்படும் நாளே இழப்பீடு கொடுக்க வேண்டிய நாள். அந்த நாளிலோ பல ஆலைகளின் பெட்டி காலியாகக் கிடக்கும். உரிமை ஏட்டில் இருக்கும். கொடுக்க வேண்டியவனோ நொடித்துப் போயிருப்பான். கடனாளி வீழும்போது தானும் வீழும் உரிமையை முழு உரிமை என்று எவ்வாறு கூறுவது?

இக்குறையை நீக்க வந்ததே 2017-ஆம் ஆண்டின் வேலைக் காப்புறுதி முறைச் சட்டம். 2018 சனவரி முதல் சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் அதனை நடத்தி வருகிறது. சம்பளத்தில் 0.2 விழுக்காட்டைத் தொழிலாளியும், அதே அளவை முதலாளியும் செலுத்த வேண்டும் என்று விதிக்கப்பட்டது. 2,000 ரிங்கிட் பெறுபவர்க்கு இது மாதம் ஏறத்தாழ 4 ரிங்கிட். வேலை போனால், சட்டம் நடைமுறைக்கு வந்தபோது வகுக்கப்பட்டபடி, முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, மூன்றாம் நான்காம் மாதங்களில் 40, ஐந்தாம் ஆறாம் மாதங்களில் 30 விழுக்காடு கிடைக்கும். சந்தா செலுத்திய காலத்துக்கேற்ப மாதங்களின் எண்ணிக்கை அமையும். ஆலை நொடித்தாலும் நிதி நொடிப்பதில்லை என்பதே இதன் சிறப்பு.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. உழைக்காமல் பணம் கிடைத்தால் மனிதன் சோம்பேறியாவான் என்பது முதல் வாதம். இவ்வாதத்தை எள்ளி ஒதுக்குதல் தகாது. உழைப்பே மனிதனை உயர்த்தும் என்று நம்பும் சமுதாயம், உழைப்பைக் கைவிடச் செய்யும் எதற்கும் அஞ்சுவது இயல்பே. சட்டமும் இவ்வச்சத்தை அறிந்திருந்தது. மாதங்கள் செல்லச் செல்லத் தொகை குறைகிறது. பெறுபவர் வேலை தேடுவதைக் காட்ட வேண்டியிருக்கிறது. விரைவில் வேலைக்குத் திரும்பியவர்க்கு எஞ்சிய தொகையில் 25 விழுக்காடு ஊக்கத்தொகையாக வழங்கப்பட்டது. ஆனால் மறுபக்கத்தையும் எண்ண வேண்டும். 2,000 ரிங்கிட் பெற்றவர்க்கு ஐந்தாம் மாதம் கிடைப்பது 600 ரிங்கிட். அதைக்கொண்டு வாடகை கொடுப்பதா, அரிசி வாங்குவதா, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதா? சோம்பியிருப்பவன் ஒருவனைத் தடுக்க வைத்த வேலி, வேலை தேடித் தேடிக் கால் தேய்ந்த பலரையும் குத்துமாயின், அவ்வேலி அறத்தின்பாற்பட்டதாகுமா?

வேலை இழக்காதவன் பிறருக்காக ஏன் செலுத்த வேண்டும் என்பது இரண்டாம் வாதம். இதற்கு 2020-ஆம் ஆண்டே விடை கூறிற்று. முந்திய ஆண்டில் ஏறத்தாழ 40,000 ஆக இருந்த வேலையிழப்புக் கணக்கு, பெருந்தொற்று பரவிய அவ்வாண்டில் ஒரு லட்சத்தைத் தாண்டியது. தங்கும் விடுதிகளும் விமான நிலையங்களும் வெறிச்சோடின. திறமையில்லாமல் வேலை போயிற்று என்று அம்மக்களில் யாரைக் கூறுவது? தன் வேலை தன் திறமையாலேயே நிற்கிறது என்ற செருக்கு, நல்ல காலத்தில் மட்டும் பேசும் பேச்சு. காப்புறுதி பிறருக்கு இடும் பிச்சை அன்று. தன் நாளையும் அயலாரின் இன்றும் ஒன்றே என்பதை ஒப்புக்கொள்ளும் பணிவு.

அண்டையிலுள்ள சிங்கப்பூர் வேறு வழியில் நடந்தது. வேலையிழந்தோர்க்கு உதவித்தொகை வழங்கினால் உழைப்புணர்வு மங்கும் என்று அந்நாட்டுத் தலைவர்கள் நெடுங்காலம் கருதினர். 2025-ஆம் ஆண்டு ஏப்ரலில் அங்கும் வேலை தேடுவோர்க்கான ஆதரவுத் திட்டம் தொடங்கியது. தம் குற்றமின்றி வேலையிழந்த, குறிப்பிட்ட வருமானத்துக்கு உட்பட்டோர்க்கு 6 மாதத்தில் 6,000 வெள்ளி வரை கிடைக்கும். பயிற்சி பெறுவதும் வேலைக்கு விண்ணப்பிப்பதும் அவர்தம் கடமை. மலேசியாவில் சந்தாவே உரிமையைத் தருகிறது. சிங்கப்பூரில் முயற்சியே தகுதியைத் தருகிறது. வழிகள் வேறாயினும், வேலையிழப்பு தனிமனிதனின் பழி மட்டுமன்று என்பதை இரு நாடுகளும் ஏற்றுக்கொண்டன.

வேலையிலிருக்கும்போது காக்கும் சட்டங்களும் மாறியுள்ளன. மலேசியாவில் 2023 சனவரி முதல் வார வேலைநேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. தந்தையர்க்கு 7 நாள் விடுப்பு வந்தது. இவற்றுக்கும் வேலையிழப்புக் காப்புறுதிக்கும் நெருங்கிய உறவு உண்டு. நாளை வேலை போனால் மறுநாளே அடுப்பு எரியாது என்று அஞ்சுபவன், சட்டம் தந்த உரிமையைக் கேட்க வாய் திறப்பானா? பின்னால் ஒரு சுவர் இருந்தால்தான் முன்னால் நிமிர்ந்து நிற்க முடியும்.

ஆயினும் அச்சுவர் எல்லாரையும் காக்கவில்லை. சந்தா குடியுரிமையும் நிரந்தர வசிப்பிட உரிமையும் உடைய தொழிலாளர்க்கே உரியதாக அமைந்தது. அயல்நாட்டிலிருந்து வந்து கட்டுமானத்திலும் செம்பனைத் தோட்டத்திலும் உழைப்போர் இக்காப்புக்கு வெளியே நின்றனர். அவர்கள் அந்நியர்தாமே என்று தமிழர் கூறிவிட முடியுமா? 1968-ஆம் ஆண்டின் சட்டம் குடியுரிமை இல்லாதோர் வேலை செய்ய அனுமதி பெற வேண்டும் என்றது. 1969-க்குப் பின், தாளொன்று இல்லாத காரணத்தால் தோட்டத்தில் பல்லாண்டு உழைத்த தமிழர் பலர் கப்பலேறினர். அவர்தம் வியர்வையில் குறையில்லை; கையிலிருந்த தாளில்தான் குறையிருந்தது. அந்த நினைவுடைய சமுதாயம், உழைப்பு முதலா தாள் முதலா என்ற கேள்வியை எளிதில் தள்ளிவிடல் ஆகாது.

முடிவாகக் காணின், வேலையிழந்தோர்க்கு அளிக்கும் தொகை தருமமும் அன்று, கடனும் அன்று. அது கூட்டாக வாழ்வோர் ஒருவர்க்கொருவர் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் நிறைவேற்றம். அத்தொகையைப் பெறுபவன் வேலை தேட வேண்டும். கொடுக்கும் சமுதாயம் அவனை ஐயத்தோடு நோக்காதிருக்க வேண்டும். இவ்விரு கடமைகளும் ஒத்து நடக்குமிடத்தில், வேலையிழந்த தந்தை தன் பிள்ளையின் முன் தலை குனிய வேண்டுவதில்லை. ஒரு சட்டத்தின் அறத்தை அளக்க அப்பிள்ளையின் கண்களைவிடச் சிறந்த அளவுகோல் வேறு இல்லை.