நான்காம் எண் ஜூரர்

‘ட்வெல்வ் ஆங்ரி மென்’ படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் எட்டாம் எண் ஜூரரைத்தான் கொண்டாடுகிறார்கள். நியாயம்தான். அப்பாவைக் குத்திக் கொன்றதாக 18 வயதுப் பையன் மேல் வழக்கு. ஜூரர்கள் 12 பேரும் ஒருமித்துக் குற்றவாளி என்றால் அவனுக்கு மரணம். முதல் வாக்கெடுப்பில் 11 பேர் ஒரு பக்கம் நிற்க, ஹென்றி ஃபோண்டா நடித்த எட்டாமவர் மட்டும் மறுக்கிறார். பையன் நிரபராதி என்று அவர் அடித்துச் சொல்வதில்லை. ஓர் உயிரைப் பற்றிய விஷயம், கொஞ்ச நேரம் பேசிப் பார்க்கலாமே என்கிறார், அவ்வளவுதான்.

ஆனால் என் மனம் எப்போதும் போய் நிற்பது நான்காம் எண்ணிடம். பங்குத் தரகர், இ. ஜி. மார்ஷல் நடித்தது. எல்லோரும் வியர்த்து வழியும் ஜூரர் அறையில் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பார். பையன் குற்றவாளி என்று உறுதியாக நம்புகிறார். அந்த நம்பிக்கையில் வெறுப்பு இல்லை, அவசரம் இல்லை. சாட்சியங்களை வரிசையாக எடுத்து வைக்கிறார். படத்தை இயக்கிய சிட்னி லூமெட்டுக்கு இது முதல் திரைப்படம், 1957இல் வந்தது. கேமராவை முதலில் கண்மட்டத்துக்கு மேலே வைத்தார். கதை நகர நகரக் கீழே இறக்கினார். லென்ஸையும் மாற்றிக்கொண்டே போனார். கடைசிப் பகுதியில் கூரை தெரியும், சுவர்கள் நெருங்கி வரும். நமக்கே மூச்சு முட்டும் அந்த அறையில் நான்காமவர் நிதானம் இழப்பதில்லை.

பத்தாம் எண் எழுந்து, சேரியில் பிறந்தவர்கள் எல்லாருமே இப்படித்தான் என்று விஷத்தைக் கொட்டும் காட்சி இருக்கிறதே, அதைப் பாருங்கள். ஒவ்வொருவராக மேசையை விட்டு எழுந்து முதுகைக் காட்டுகிறார்கள். கடைசியில், உட்கார், இனி வாயைத் திறக்காதே என்று அந்த ஆளை அடக்குவது நான்காம் எண். அந்த நேரத்தில் பையனைக் குற்றவாளி என்பவர்கள் மூன்றே பேர். பத்தாமவர் இவருடைய கட்சி! எண்ணிக்கை சரிந்துகொண்டிருக்கும்போது தன் பக்கத்து ஆளை வெட்டிவிடும் நேர்மை எத்தனை பேருக்கு வரும்? எதிராளியின் அசிங்கம் நம் கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும். நமக்காகக் கத்துகிறவனுடைய அசிங்கத்தை மட்டும் ‘கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுட்டார்’ என்று தடவிக் கொடுத்துவிடுகிறோம். குடும்பச் சண்டையிலும் இதுதான், அரசியலிலும் இதுதான்.

அடுத்து வருவது மூக்குக் கண்ணாடி. படுக்கையில் இருந்தபடி கொலையை நேரில் பார்த்ததாகச் சொன்ன எதிர்வீட்டுப் பெண்ணின் சாட்சியத்தைத்தான் நான்காமவர் அசைக்க முடியாததாக நினைத்திருந்தார். அவர் தன் கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்ப்பதைக் கவனித்த முதிய ஜூரர் ஒருவர், அந்தப் பெண்ணின் மூக்கிலும் உங்களுக்கு இருப்பது போன்ற தடம் இருந்தது, கண்ணாடியைத் தவிர வேறு எதனாலாவது வருமா என்று கேட்கிறார். வராது. படுக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்வீர்களா என்று எட்டாமவர் கேட்கிறார். இல்லை, யாரும் போடமாட்டார்கள். இரண்டு கேள்விக்கும் பதில் அவர் வாயிலிருந்தே வருகிறது. வழுக்கிச் செல்ல வழி இருந்தும் அவர் தேடவில்லை. தனக்கு இப்போது சந்தேகம் வந்துவிட்டது என்று ஒரே வரியில் மாறிவிடுகிறார்.

கருத்தை மாற்றுவது தோற்பது என்றே நாம் பழகியிருக்கிறோம். அதனால் மாறினாலும் அரைகுறையாக, ‘நான் அப்படிச் சொல்லவே இல்லை’ என்று மழுப்பித்தான் மாறுகிறோம். மூன்றாம் எண்ணுக்கு அந்த வழிகூட இல்லை. பிரிந்துபோன மகன் மேலுள்ள கோபத்தை முன்பின் தெரியாத பையன் மேல் ஏற்றியிருக்கிறார். அதை விட்டால் தன்னையே விட வேண்டும், அதனால்தான் கடைசியில் விட்டுக்கொடுக்கும்போது அவருக்கு அழுகை வருகிறது. நான்காமவர் தன் கருத்தோடு தன்னைக் கட்டிப்போடவில்லை. காரணம் போனது, முடிவும் போனது. மனிதர் அப்படியே இருக்கிறார்.

இன்னொன்றும் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அவர் மாறியதும் ‘நான் அப்போதே சொன்னேனே’ என்று அந்த அறையில் ஒருவர்கூடச் சொல்வதில்லை. எட்டாமவரும் சொல்வதில்லை. அந்த வார்த்தைக்குப் பயந்துதான் நம் வீடுகளில் பாதிப் பேர், தவறென்று தெரிந்த பிறகும் பிடித்த பிடியை விடாமல் இருக்கிறார்கள்.