படர்க்கையும் முன்னிலையும்

இறையியல் பயிலும் மாணவரின் நாள் இறைவனில் தொடங்கி இறைவனில் முடிகிறது. விடியுமுன் எழுந்து தியானம், காலைப் புகழ், திருப்பலி. பின்னர் நண்பகல் வரை வகுப்புகள். மாலையில் சிறிது தோட்ட வேலை, சிறிது கைப்பந்து. இரவு மன்றாட்டுக்குப் பின் மௌனம். காண்போர், "இவர்களுக்கென்ன குறை, நாள் முழுதும் கடவுளோடு இருக்கிறார்கள்" என்பர். குருமடத்தில் சேர்ந்த புதிதில் நாமும் அவ்வாறே எண்ணினோம். கடவுளைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பதும் கடவுளோடு இருப்பதும் ஒன்றல்ல என்பது இறையியல் இரண்டாம் ஆண்டில்தான் நமக்கு உறைத்தது.

அவ்வாண்டு ஒரு வெள்ளிக்கிழமை, தீமையின் புதிர் பற்றிய பாடம் நிறைவுற்றது. தீமை தனித்து நிற்கும் பொருளன்று, நன்மையின் குறைவே அது என்னும் தூய அகுஸ்தீனாரின் விளக்கத்தை நிறைவோடு குறித்துக்கொண்டோம். மறுநாள் வழக்கம்போல் வார இறுதிப் பணிக்காகக் கிளைப்பங்கு ஒன்றுக்குச் சென்றோம். பேருந்தை விட்டு இறங்கியதும் செய்தி கிடைத்தது. நம் மறைக்கல்வி வகுப்பில் முன்வரிசையில் அமரும் ஏழு வயதுச் சிறுவன் கிணற்றில் விழுந்து இறந்திருந்தான். பங்குத்தந்தை வந்து சேர மாலையாகும் என்றனர். வீட்டினுள் நுழைந்த நம்மைப் பார்த்து அத்தாய் கேட்டார்: "பிரதர், நீங்க படிச்சவங்க. ஆண்டவர் எம்புள்ளைய ஏன் எடுத்தாரு? சொல்லுங்க."

சொன்னோம். கடவுள் தீமையை விரும்புவதில்லை, அனுமதிக்கிறார். நம் அறிவுக்கு எட்டாத நன்மை ஒன்றை அதிலிருந்தும் அவர் பிறப்பிக்க வல்லவர் என்று, முந்தைய நாள் குறிப்பேட்டின் வரிகள் தடையின்றி நம் வாயில் வந்தன. அவர் மறுத்து ஒன்றும் பேசவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

நாம் கூறியவற்றில் திருச்சபையின் போதனைக்கு மாறானது எதுவுமில்லை. தேர்வில் எழுதியிருந்தால் நல்ல மதிப்பெண்ணே கிடைத்திருக்கும். ஆயினும் பொய்யுரைத்தவர் படும் கூச்சத்தோடு குருமடம் திரும்பினோம். சரியானதைச் சொல்லியும் ஒருவர் பொய்யராக முடியுமா? இக்கேள்வி பல நாள் நம்மை உறங்கவிடவில்லை.

யோபு நூலைத் திரும்பத் திரும்பப் படித்தோம். யோபின் நண்பர்களை நாம் பொதுவாக ஏளனமாகவே பேசுகிறோம், அது முறையன்று. ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் அமர்ந்து ஒரு வார்த்தையும் பேசாதிருந்தவர்கள் அவர்கள். நம்மில் எத்தனை பேர் ஏழு நாழிகையேனும் அவ்வாறு இருந்திருக்கிறோம்? பின்னர் அவர்கள் பேசியவையும் வெறும் பிதற்றல் அல்ல. ஐந்தாம் அதிகாரத்தில் எலிப்பாசு கூறும் ஒரு கூற்றைத் தூய பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் மூன்றாம் அதிகாரத்தில் மறைநூல் வாக்காகவே எடுத்தாள்கிறார். அப்படிப்பட்ட எலிப்பாசு மீதுதான் நூலின் இறுதியில் ஆண்டவர் சினம் கொள்கிறார். தம்மைப் பற்றிச் சரியாகப் பேசியவர் யோபே என்கிறார்.

ஏன்? அறிஞர் பல விளக்கங்கள் தருவர். நம் கண்ணில் பட்டது ஒன்று. நண்பர் மூவரும் அத்தனை நீண்ட உரைகளிலும் ஒருமுறையேனும் கடவுளை நோக்கிப் பேசவில்லை. அவர்களுக்குக் கடவுள் எப்போதும் 'அவர்'. யோபோ முறையிடுகிறார், குற்றம் சாட்டுகிறார், வழக்காடவும் துணிகிறார். ஆயினும் மீண்டும் மீண்டும் 'நீர்' என்று இறைவனிடமே திரும்புகிறார். நம் இலக்கணம் இவற்றைப் படர்க்கை என்றும் முன்னிலை என்றும் பிரித்து வைத்திருக்கிறது. சாவு வீட்டில் நாம் பேசியது முழுவதும் படர்க்கை. அத்தாயின் கேள்விதான் வழி தவறி நம்மிடம் வந்த முன்னிலை.

இதனால் படிப்பே வேண்டாம், செபம் போதும் என்பாரோடு நாம் சேரவில்லை. அகுஸ்தீனாரின் 'அறிக்கைகள்' நூல் இறைவனை நோக்கிய பேச்சாகவே அமைந்தது. பதினோராம் நூற்றாண்டில் தூய ஆன்செல்ம் இறைவன் உண்டென்பதற்கான தம் வாதத்தை ஒரு மன்றாட்டின் நடுவில் வைத்தே எழுதினார். ஆராய்ச்சியும் முழந்தாளும் அவர்களிடம் பகைக்கவில்லை. நம் நிலையோ வேறு. சிற்றாலயத்தில் திருப்பாடல் சொல்லும்போதும், குங்கல் என்னும் செருமானிய அறிஞர் வகுத்த பிரிவுகளுள் இது எதைச் சார்ந்தது என்றே மனம் தேடியது. வகுப்பறைப் படர்க்கை செபத்துக்குள்ளும் புகுந்துவிட்டிருந்தது.

அங்கே வாய்திறவாமல் இருந்திருக்கலாம் என்றார் தோழர் ஒருவர். இருந்திருக்கலாம். ஆனால் மௌனத்திலும் நழுவிவிடும் மௌனம் ஒன்று உண்டு. அதை அத்தாய் கண்டுபிடிக்காமல் இருந்திருக்க மாட்டார்.

அடுத்த வெள்ளி இரவு மன்றாட்டில் வழக்கம்போல் 88ஆம் திருப்பாடல் வந்தது. பெரும்பாலான புலம்பல் பாடல்கள் இறுதியில் நம்பிக்கையை நோக்கித் திரும்பும். இது திரும்புவதில்லை, இருளிலேயே முடிகிறது. ஆனால் முதல் வரியிலிருந்து இறைவனை விளித்தே பேசுகிறது. அன்றுதான் அதனை வகைப்படுத்தாமல் சொன்னோம்.

முப்பதாம் நாள் திருப்பலி முடிந்து அவ்வீட்டுக்குச் சென்றோம். ஆணியில் பள்ளிப்பை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அத்தாய் எதையும் கேட்கவில்லை. நாமும் எதையும் விளக்கவில்லை. அனுமதி பெற்று அத்திருப்பாடலை மட்டும் வாசித்தோம். முடித்ததும் அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இது பைபிள்லயா இருக்கு, பிரதர்?"

"ஆமாம்மா."

"இன்னொரு தடவ வாசிங்க."