யாழுக்குப் போட்ட பலகை

லாபிஸ் ஜொகூர் மாநிலத்தில், சிகாமட்டுக்கும் யோங் பெங்கிற்கும் நடுவே, பழைய நெடுஞ்சாலையும் இரயில் பாதையும் தொட்டுச் செல்லும் சிற்றூர். சுற்றிலும் செம்பனை, இடையிடையே மிஞ்சியிருக்கும் ரப்பர். இப்படிப்பட்ட ஊர்களில் தமிழிசை கோயிலைப் பிடித்துக்கொண்டுதான் உயிரோடு இருக்கிறது: பூசை வேளையில் தேவாரம், திருவிழாவில் நாதஸ்வரமும் தவிலும், காவடிக்கு உறுமி. வடக்கே கோலாலம்பூரில் 1998இல் திறந்த பெட்ரோனாஸ் ஃபில்ஹார்மோனிக் அரங்கு, தெற்கே சிங்கப்பூரில் 2002இல் திறந்த எஸ்பிளனேட். நாடு நாடாகச் சுற்றும் நரம்பிசைக் குழுக்கள் அவற்றில் வாசிக்கும்; லாபிஸ் அவர்கள் கடந்துபோகிற வழி. அப்படி ஒரு நால்வர் குழு, இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ, இந்த ஊர்க் கோயில் மண்டபத்தில் சந்நிதியைப் பார்த்து உட்கார்ந்து, பாடுவார் யாருமின்றி ஒரு பண்ணையோ கீர்த்தனையையோ வாசித்தால், அது வழிபாடா, கோயிலுக்குள் நடந்த கச்சேரியா? வழிபாடுதான் என்பது என் முடிவு. அதற்கான சான்று வெளியிலிருந்து வரவேண்டியதில்லை, நம் சைவ மரபுக்குள்ளேயே இருக்கிறது என்பதும் என் முடிவு.

மாற்றுக் கருத்துக்காரர்களின் வாதத்தை முதலில் முழுதாகச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் அது லேசான வாதம் அல்ல. திருமுறை என்பது மந்திரம். இறைவன் பெயரைச் சொல்ல வேண்டும், அவன் செய்த கருணையைச் சொல்ல வேண்டும், தன் குறையைச் சொல்லி அழ வேண்டும். நரம்பால் இவற்றில் எதையும் சொல்ல முடியாது. அது தருவது இனிமை. இனிமை மனத்தைத் தன்னிடமே நிறுத்திக்கொள்ளும். இந்த அச்சம் நமக்கு மட்டும் உரியதல்ல. கி.பி. 400ஐ ஒட்டி கிறிஸ்தவ அறிஞர் அகஸ்டின் தம் ஒப்புதல் நூலின் பத்தாம் பகுதியில், பாடப்படும் பொருளைவிடப் பாடும் குரலில் தம் நெஞ்சு அதிகம் உருகிய நேரங்களைப் பாவமாகவே எண்ணுகிறார். ஆனாலும் தேவாலயத்தில் பாட்டே வேண்டாம் என்று அவரால் சொல்ல முடியவில்லை. கிழக்குத் திருச்சபைகள் பல இன்றுவரை மனிதக் குரலைத் தவிர எந்த இசைக்கருவியையும் வழிபாட்டில் சேர்ப்பதில்லை. குரலும் பாட்டுமே தடுமாறச் செய்யும் என்றால், சொல்லே இல்லாத நரம்பு எவ்வளவு தடுமாறச் செய்யும்?

இந்த இடத்தில் நாயன்மார் கதைகளைச் சொல்லும் பெரியபுராணத்தைத் திறக்க வேண்டும். சேக்கிழார் பாடியது 12ஆம் நூற்றாண்டில். அவர் சொல்லும், தேவாரம் பாடிய சம்பந்தர் காலம் அதற்கு ஏறத்தாழ 500 ஆண்டு முந்தியது. ஆகவே இதை நடந்ததன் பதிவாக அல்ல, ஒரு மரபு இசையைப் பற்றி என்ன நினைத்தது என்பதன் பதிவாக எடுத்துக்கொள்கிறேன். என் கேள்விக்கு அது போதும். எருக்கத்தம்புலியூரில் பிறந்த பாணர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். ஊர் ஊராகப் போய் யாழ் வாசிப்பது குலத்தொழில். உடன் செல்பவர் மனைவி மதங்கசூளாமணியார். மதுரை ஆலவாய்க் கோயில் வாயிலில் நின்று யாழ் வாசிக்கிறார். உள்ளே போக அவர் குலத்துக்கு இடமில்லை. இறைவன் அன்றிரவு தொண்டர்களின் கனவில் வந்து, அவரை உள்ளே அழைத்துவரச் சொல்கிறான். உள்ளே வந்து தரையில் அமர்ந்து வாசிக்கிறார். அப்போது எழும் அசரீரி அவர் அன்பையும் பாட்டையும் சொல்வதோடு நிற்கவில்லை. தரையின் குளிர்ச்சி ஏறினால் யாழின் நரம்பு தளரும், ஆகவே அழகிய பலகை இடுங்கள் என்கிறது. கருவி வாசிப்பவர்களுக்கு மட்டுமே தெரிந்த கவலை அது. தோல், நரம்பு, மரம், பசை எல்லாம் ஈரத்துக்கு அஞ்சுபவை. லாபிஸ் போன்ற ஊரின் காற்றில், அதிலும் நவம்பரில் தொடங்கும் பருவமழையில், வயலினின் முறுக்காணி உப்பி இறுகிவிடும். விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய பசை இளகி ஒட்டு விடும். காலையில் கூட்டிய சுருதி மாலையில் நிற்காது. சேக்கிழாரின் இறைவன் இந்த மரத்தையும் நரம்பையும் ஒரு பொருட்டாக நினைக்கிறான். கருவி வெறும் அலங்காரம் என்று எண்ணிய மரபு இப்படி ஒரு காட்சியைக் கற்பித்திருக்காது.

அதன்பின் யாழ்ப்பாணர் சீகாழி சென்று சம்பந்தரோடு சேர்கிறார். அங்கிருந்து தொடங்குவது தமிழ் நாட்டின் மிகப் பெரிய இசைப் பயணம்: பாடும் பிள்ளை, யாழ் வாசிக்கும் பாணர், அவர் மனைவியான விறலியார், தலந்தோறும் ஒரு பதிகம். சாத்தமங்கையில் நீலநக்கர் என்ற அந்தணர் வீட்டில் தங்கும் இரவில், பாணருக்கும் மனைவிக்கும் இடம் தரச் சம்பந்தர் கேட்கிறார். நீலநக்கர் வேள்விக் குண்டத்தின் பக்கத்திலேயே இடம் தருகிறார்; தீ வலஞ்சுழித்து ஓங்கி எரிகிறது. ஆனால் என் வாதத்தின் நடுநாயகம் தருமபுரம். காரைக்காலை அடுத்த அந்த ஊர் யாழ்ப்பாணரின் தாய் பிறந்த ஊர். உறவினர் பெருமையோடு சொல்கிறார்கள்: உன் யாழால்தான் அந்தப் பிள்ளையின் பதிகத்துக்கு இவ்வளவு பேர். பாணர் நடுங்கிப்போகிறார். யாழில் அடங்காத ஒரு பதிகம் பாடி இவர்களுக்கு உண்மையைக் காட்டுங்கள் என்று சம்பந்தரையே வேண்டுகிறார். சம்பந்தர் பாடுகிறார், யாழ் பின்தொடர முடியாமல் நிற்கிறது. பாணர் யாழை உடைக்க ஓங்குகிறார். அந்தப் பதிகத்தின் பண்ணுக்கு யாழ்முரி என்று பெயர்.

குரல் பெரிது, கருவி சிறிது என்பதற்கே இந்தக் கதையைச் சொல்லிப் பழகிவிட்டோம். அடுத்து நடப்பதை யாரும் நின்று பார்ப்பதில்லை. சம்பந்தர் யாழைக் கையில் வாங்கிக்கொள்கிறார். பாணரை ஐயர் என்று மரியாதையாக அழைத்து, இதை ஏன் உடைக்கிறீர், இறைவன் அருளின் அளவெல்லாம் ஒரு கருவிக்குள் அடங்குமோ என்று கேட்கிறார். சிந்தையாலும் அளக்க முடியாததைச் செயலால் அளக்க முயல வேண்டாம், வந்த அளவில் வாசியும் என்கிறார். இதில் கருவிக்கு இழிவு எங்கே இருக்கிறது? அளவுபடாதது குரலுக்கும்தான் அளவுபடாது. சிந்தை என்று சொல்லிவிட்டதால் சொல்லும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. நரம்பு தோற்ற இடத்தில் நாவும் தோற்கும்; தோற்றபின் தொடர்ந்து வாசிப்பதுதான் வழிபாடு. பாணர் தொடர்ந்து வாசித்தார். நல்லூர்ப் பெருமணத்தில் சம்பந்தர் சோதியில் கலந்தபோது கூடவே யாழ்ப்பாணரும் கலந்தார். பாடியவருக்கு ஒரு முத்தி, பின்வாசித்தவருக்கு அதில் பாதி என்று சேக்கிழார் பிரிக்கவில்லை.

யாழ் எப்போதும் சொல்லுக்குத் துணையாகத்தானே வந்தது, துணைக்கு உள்ள தகுதியைத் தனி வாசிப்புக்குத் தரலாமா என்று கேட்கலாம். கேட்பது நியாயம். அதற்கு ஆனாய நாயனார் விடை. மாடு மேய்த்தவர், பாடவே இல்லை, கொன்றை மரத்தின் முன் நின்று குழலில் ஐந்தெழுத்தை வாசித்தார். அறுபத்து மூவரில் ஒருவரானது அந்த வாசிப்புக்காக. ஐந்தெழுத்து அவர் உள்ளத்தில் இருந்ததே, ஆகவே சொல் இருந்ததே என்பார்கள். சரி. அப்படியானால் சொல் உள்ளத்தில் இருந்தால் போதும், உதட்டில் வர வேண்டியதில்லை என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள்.

மேற்கிலும் இதே கேள்வி ஒருமுறை மிகத் தெளிவாக எழுந்தது. ஸ்பெயினின் காடிஸ் நகரத் தேவாலயம் ஒன்று பெரிய வெள்ளிக்காக ஜோசஃப் ஹைடனிடம் இசை கேட்டது. சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வாக்கியங்கள். ஆயர் ஒவ்வொன்றையும் சொல்லி விளக்கிவிட்டு முழந்தாளிடுவார். அந்த இடைவெளியைப் பாட்டில்லாத மெதுவான இசை நிரப்ப வேண்டும். தேவாலயச் சுவர்களைக் கறுப்புத் துணியால் மூடியிருந்தார்கள் என்று ஹைடனே எழுதியிருக்கிறார். வாத்தியக் குழுவுக்கு எழுதியதை 1787இல் நால்வர் நரம்பிசையாக மாற்றினார். 1796இல் சொற்கள் சேர்த்துப் பாடகர் குழுவுக்கும் தந்தார். இன்று உலகெங்கும் அதிகம் எடுத்துச் செல்லப்படுவது நால்வர் வடிவம். சொல் வந்தபின்னும் சொல்லில்லாதது தேய்ந்துவிடவில்லை. நம்மிடம் இது எதிர்த்திசையில் நடந்தது. முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கில வாத்தியக் குழுக்களின் மெட்டுகளைக் கேட்டு, சுமார் 40 மெட்டுகளுக்குத் தெய்வத் துதி எழுதினார். அவர் தம்பி பாலுசுவாமி வயலின் கற்று அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். எங்கோ முழங்கிய மெட்டு துதியைத் தாங்கும் தகுதி பெற்றிருந்ததால்தானே துதி அதில் உட்கார்ந்தது? மரபுக்கு அந்நியமான வடிவம் என்ற மறுப்பு அதோடு முடிந்தது என்றே நினைக்கிறேன். வயலினையே ஏற்றுக்கொண்ட பிறகு வியோலாவை வாசலில் நிறுத்துவது நியாயமில்லை.

இப்போது சென்னைக்கு வரலாம். இளையராஜாவின் இசையில் வயலின் வாசித்துப் பெயர்பெற்ற வி. எஸ். நரசிம்மன் அமைத்தது மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்ட்டெட். கர்நாடகக் கீர்த்தனைகளை நால்வரும் வாசிப்பார்கள். மெட்டு பெரும்பாலும் முதல் வயலினில், மற்ற மூன்றும் அதன் கீழே இசைவு சேர்க்கும். இங்கே என்ன நடக்கிறது என்பதைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். கையில் கோலோடு முன்னே நிற்பவர் யாருமில்லை. முதல் வயலின்காரர் மூச்சை இழுத்து வில்லைச் சற்றே உயர்த்துவார். மூவரும் அந்த மூச்சோடு தொடங்குவார்கள். கருவியில் சுர இடம் காட்டும் கட்டை இல்லை. சுரம் எங்கே இருக்கிறது என்பதை விரலுக்குச் சொல்வது காது மட்டுமே. செல்லோவின் அடிச்சுரத்தைக் கேட்டு வியோலா தன் அந்தர காந்தாரத்தை மயிரிழை தாழ்த்தும், பியானோவில் ஒலிப்பதைவிடக் கீழே; அப்போதுதான் இரண்டும் ஒன்றாய்ப் பொருந்தும். முதல் வயலின் ஒரு கமகத்தை வளைக்கும்போது மற்ற மூவரும் தங்கள் சுரத்தை அசைத்தால் கமகம் கலங்கிப்போகும்; ஆகவே அவர்கள் அசையாமல் நிற்க வேண்டும், நின்றுகொண்டே மறையவும் வேண்டும். தன் ஒலியைவிட அடுத்தவர் ஒலியை அதிகம் கேட்காதவருக்கு இந்த வேலை முடியாது. கச்சேரியில் பாடகரின் ஆலாபனையை நொடிப்பொழுது பின்னால் நிழல்போல் தொடரும் வயலினுக்கும் இதே வேலைதான். யாழ்ப்பாணர் சம்பந்தருக்குச் செய்தது இது. 'நான்' என்பதைத் தளர்த்துவதற்குச் சமய நூல்கள் சொல்லும் சாதனைகளோடு இந்தக் கேட்டலையும் வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். நரம்பிசையின் வழிபாடு அதன் இனிமையில் இல்லை, இந்தக் கேட்டலில் இருக்கிறது. அகஸ்டின் அஞ்சியது கேட்பவரின் இன்பத்தை. நான் பேசுவது வாசிப்பவரின் ஒழுக்கத்தை.

காசு வாங்கிக்கொண்டு ஊர் சுற்றுபவர்களுக்கு இவ்வளவு பெருமையா என்பவர்களுக்குச் சுருக்கமாகவே சொல்லலாம். பாணர் மரபே பரிசில் வாங்கி வாழ்ந்த மரபு. ஆற்றுப்படை நூல்கள் முழுக்க அதுதான். சம்பந்தரும் அப்பரும் திருவீழிமிழலையில் பஞ்சகாலத்தில் படிக்காசு பெற்றார்கள். வயிற்றுக்குக் கிடைத்தது வழிபாட்டைக் கெடுக்கும் என்று அந்த மரபு நினைக்கவில்லை.

எனக்கு உண்மையில் கனமாகப் படும் மறுப்பு வேறு. லாபிஸ் வட்டாரத்துப் பிள்ளைக்குத் தேவாரம் என்பது சமயம் மட்டுமல்ல, தமிழும்கூட. 1965இல் தோன்றிய மலேசிய இந்து சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் திருமுறை ஓதும் விழாவுக்காக ஒரு பிள்ளை மனப்பாடம் செய்யும் பதிகம், அந்தப் பிள்ளையின் வாயில் தங்கப்போகும் செந்தமிழில் பெரும்பகுதி. சொல்லை எடுத்துவிட்டு மெட்டை மட்டும் கொடுத்தால், சமயம் மிஞ்சினாலும் மொழி போய்விடும். இதை நான் மறுக்கவில்லை. ஓதுவதைக் குறைத்து வாசிப்பை வைக்கச் சொல்லவும் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளை பாடும் பண் எங்கிருந்து வந்தது? திருமுறை கண்ட புராணம் சொல்வது இது: தில்லையில் பூட்டிய அறையில் கறையான் அரித்துக் கிடந்த ஏடுகளை மன்னன் மீட்டான். சொல் கிடைத்தது, பண் கிடைக்கவில்லை. எருக்கத்தம்புலியூரில் யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைக் கொண்டு பண் வகுத்தார்கள். ஓலையில் எழுதிய சொல்லைக் கறையான் தின்றது. எழுதாத பண், ஊர் ஊராக அலைந்த ஒரு கருவிக்காரரின் வீட்டுப் பெண்ணிடம் கெடாமல் இருந்தது. சொல்லை மட்டும் காத்தால் போதும் என்பவர்கள், சொல்லைப் பாடும்படி ஆக்கியவள் யார் என்பதையும் நினைக்க வேண்டும். குரல் உடையும் வயதில் மேடையை விட்டு இறங்கிவிடும் பையனின் கையில் ஒரு வயலின் இருந்தால், அவன் பண்ணை விட்டு இறங்க வேண்டியதில்லை.

நம்பிக்கை இல்லாதவர் வாசித்தால்? இந்த நாட்டில் இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. நால்வர் குழு ஒன்றில் நான்கு சமயத்தவர் இருக்கக்கூடும். உள்ளத்தில் ஐந்தெழுத்து இருந்ததால் ஆனாயர் வாசித்தது வழிபாடு என்றேன். செல்லோ வாசிப்பவரின் உள்ளத்தில் அது இல்லையென்றால் அவர் பங்கு என்னாகும்? அவர் செய்தது சைவ வழிபாடு என்று நான் சொல்ல மாட்டேன். அது அவர்மேல் நம் பெயரை ஒட்டுவதாகும். அவருடைய கேட்டலின்மேல் மற்றவர்களின் வழிபாடு நிற்கிறது என்று சொல்வேன். மதிப்பதற்கு அது போதும். அவரை எங்கே உட்கார வைப்பது என்பதற்குப் பெரியபுராணத்தில் இரண்டு விடைகள் இருக்கின்றன. திருவாரூரில் யாழ்ப்பாணர் வெளியே நின்று வாசித்தபோது, அவர் வருவதற்கு வடதிசையில் தனி வாயில் திறந்தது. ஆலவாயில் அவரை நேரே உள்ளே அழைத்தார்கள்; யாழில் குளிர்ச்சி ஏறாமலிருக்கப் பலகை போட்டார்கள். தனி வாயிலில் அருள் இருக்கலாம், ஆனால் தனிமைப்படுத்துதலும் அதில் அப்படியே இருக்கிறது. நமக்கு ஆலவாய் வழிதான் ஏற்றது. லாபிஸ் கோயிலுக்கு அப்படி ஒரு குழு வரும் நாளில், பக்கத்துக் கல்யாண மண்டபத்து மேடையைக் காட்டாமல், தீபாராதனைக்குப் பின் மகாமண்டபத்திலேயே இடம் கொடுக்க வேண்டும். தேவாரம் ஓதும் பிள்ளைகளை அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும். மழைக்காலமாக இருந்தால் கல்தரையின் ஈரம் செல்லோவுக்கு ஏறாதபடி கீழே மரப்பலகையும் போட வேண்டும்.