தீனியும் திறனும்

ஆரியங்கோட்டை அடுத்த சிற்றூர்களில் குடியேறி வாழும் நம்மவர் வீடுகளில், தொழுவம் என்பது பெரும்பாலும் ஒரு பசு, ஒரு கன்று என்ற அளவோடு நின்றுவிடும். வைக்கோல், புல், சிறிது பிண்ணாக்கு, தவிடு, அடுக்களைக் கழுநீர் ஆகியவையே அதன் உணவு. இவ்வீட்டார்க்குத் ‘தீனித் திறன்’ என்னும் சொல் புதிது. மாட்டின் எடை ஒரு கிலோ கூடுதற்கு எத்தனை கிலோ தீனி செலவாகிறது என்னும் கணக்கே அது. ஆயிரக்கணக்கான மாடுகளைப் பட்டியில் அடைத்து, மக்காச்சோளம் ஊட்டி, இறைச்சிக்காகக் கொழுக்க வைக்கும் அமெரிக்கத் தொழிலுக்கு இக்கணக்கே உயிர்நாடி.

செலவைக் குறைக்கவே தீனியில் சேர்மானங்கள் புகுந்தன. 1954-இல் ஒரு செயற்கை ஹார்மோன் வந்தது. புற்றுநோய் அச்சத்தால் 1979-இல் அது விலக்கப்பட்டது. இடையே 1975-இல், கோழிகளின் கழிச்சல் நோய்க்குப் பயன்பட்டுவந்த மோனென்சின் மாட்டுத் தீனிக்கும் வந்து சேர்ந்தது. அது மாட்டின் பெருவயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் சிலவற்றை அடக்கி, மீத்தேன் வாயுவாக வீணாகும் ஆற்றலில் ஒரு பகுதியை உடலுக்கே திருப்பிவிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2006 முதல் வளர்ச்சிக்காக அதனைத் தீனியில் கலப்பதை நிறுத்திவிட்டது. அமெரிக்காவிலோ இன்றும் அது வழக்கில் உள்ளது.

மோனென்சினுக்கு மற்றொரு பணியும் உண்டு. புல்லுக்கென அமைந்த வயிற்றில் மாவுப்பொருளை மிகுதியாகப் பெய்தால் அமிலம் பெருகும். 2024-இல் கொல்லம் மாவட்டத்தில் பரோட்டாவும் பலாப்பழமும் மிகுதியாகத் தின்ற பசுக்கள் மாண்ட செய்தியை நாம் மறந்திருக்க மாட்டோம். அங்கு நேர்ந்தது அறியாமை. பட்டியிலோ அபாயம் அறிந்தே ஊட்டப்படுகிறது. அதைத் தணிக்கும் மருந்தும் உடன் ஊட்டப்படுகிறது. தீங்கைத் தாங்கச் செய்வதற்கு உதவி என்று பெயரிடலாமா? நம் மனம் இடறுவது இங்கேதான்.

சேர்மானம் அனைத்தும் தீது என்று சொல்லிவிடுதல் எளிது. அது சிந்தனைச் சோம்பல். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை நீரிற் கரைத்துத் தெளித்து, மூன்று வாரம் காற்றுப் புகாது மூடி வைத்தால், சத்தற்ற வைக்கோலும் ஓரளவு நல்ல தீனியாகிறது. தாது உப்புக் கலவையும் அத்தகையதே. இவை அவ்விலங்குக்கு இல்லாததைக் கொடுப்பவை. பெயர் ஒன்றாயினும் இரண்டும் ஒன்றல்ல.

குறைந்த தீனியில் நிறைந்த இறைச்சி கிடைத்தால் நிலமும் நீரும் மிச்சமாகுமே என்பாரும் உளர். புறக்கணிக்கத் தக்க வாதமன்று அது. நம் தொழுவத்துக் காளைக்கன்றும் இறுதியில் வியாபாரியின் கைக்கே போகிறது. ஆகவே பிறரைப் பழிக்கும் உரிமை நமக்குச் சிறிதளவே உண்டு. ஆயினும் ஒன்று கேட்கலாம். பட்டி மாடு தின்னும் சோளம் மனிதனுக்கும் உணவாகத் தக்கது. நம் பசு தின்னும் வைக்கோலையும் வரப்புப் புல்லையும் எந்த மனிதனும் உண்ணான். அவற்றையே அது காலைப் பாலாக மாற்றித் தருகிறது. கிலோவுக்குக் கிலோ எழுதும் அந்தக் கணக்கேட்டில் இவ்வேறுபாட்டிற்கு ஒரு பத்தி ஒதுக்கப்பட்டிருக்கிறதா?