கசிவு ஒரு இடம், எண் வேறு இடம்

கேபிள் வயருக்குள் ஓடும் சிக்னல் வெளியே தலைகாட்டக் கூடாது. நடுக்கம்பியைச் சுற்றி அலுமினியத் தாளும் பின்னலும் போர்த்தியிருப்பது அதற்காகத்தான். உறை பழுதில்லாமல் இருக்கும்வரை, வெளியே வேறு யாருக்கோ ஒதுக்கிய அலைவரிசையையும் கேபிள்காரர் உள்ளே தாராளமாகப் பயன்படுத்தலாம். அந்த வேறு யாரோ சில இடங்களில் விமானி. 108 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை விமானங்களுக்கு உரியது. 1976இல் அமெரிக்காவின் ஹாரிஸ்பர்க் நகரில் கேபிளிலிருந்து கசிந்த சிக்னல் விமான ரேடியோவில் குறுக்கிட்டது. அங்கே விதிகள் இறுகியது அதற்குப் பிறகுதான். இந்த அலைவரிசைகளில் அனலாக் கசிவை 3 மீட்டர் தள்ளி நின்று அளந்தால், மீட்டருக்கு 20 மைக்ரோவோல்ட்டைத் தாண்டக் கூடாது.

கருவி பூட்டிய வண்டியைத் தெருத்தெருவாக ஓட்டிக் கசிவு தேடுகிறார்கள். வண்டி தெருவைக் காட்டிக் கொடுக்கும். எந்தக் கனெக்டர் என்று கண்டுபிடிக்க, கையடக்கக் கருவியோடு ஆள் இறங்கித்தான் ஆக வேண்டும்.

முதல் வேலை, திசை. கருவியை மார்போடு ஒட்டிப் பிடித்து, நின்ற இடத்திலேயே மெல்லச் சுற்ற வேண்டும். நம் உடம்பே சிக்னலை ஓரளவு மறைக்கும். கருவி காட்டும் எண் மிகவும் இறங்கும்போது கசிவு முதுகுப் பக்கம் இருக்கிறது. நாலெட்டு தள்ளிப் போய் மறுபடி சுற்றினால், இரண்டு திசைக்கோடுகளும் வெட்டும் இடம் ஏறக்குறையத் தெரிந்துவிடும். தொலைவு பாதியானால் எண் இரட்டிப்பாகும் என்பதால், நடக்க நடக்கக் கணக்கும் ஒத்துவர வேண்டும். ஒத்துவராவிட்டால் நாம் பார்ப்பது எதிரொலிப்பு: இரும்பு வேலியோ தகரக் கூரையோ.

பலரும் ஏமாறுவது இங்கேதான். கம்பங்களுக்கிடையே கேபிளைத் தாங்கும் எஃகுக் கம்பி, கசிந்த சிக்னலைத் தன் போக்கில் இழுத்துக்கொண்டு போகும். விமான அலைவரிசைக்குள் வரும் 121 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் ஏறக்குறைய இரண்டரை மீட்டர். ஆகவே கம்பியை ஒட்டி நடந்தால் ஒன்றேகால் மீட்டருக்கு ஒருமுறை எண் ஏறி இறங்கும். அதில் பெரிய எண் வந்த இடத்தில் ஏணியைச் சாத்துவது வீண் வேலை. ஆண்டெனாவைக் கழற்றிவிட்டு, மிக அருகில் மட்டும் உணரும் சிறு முனையைக் கேபிள் மேலேயே நகர்த்திப் பார்ப்பதுதான் கடைசிக் கட்டம். பெரும்பாலும் அகப்படுவது ஏதோ அற்பமான விஷயம்: கையால் மட்டும் முடுக்கிய கனெக்டர், அணில் கடித்த உறை, யாரோ திருட்டுத்தனமாகப் போட்ட இணைப்பு.

டிஜிட்டல் வந்தபின் இன்னொரு சிக்கல். டிஜிட்டல் சேனல் கருவிக்கு வெறும் இரைச்சலாகத்தான் தெரியும். பழுதான மின்கம்பத்தின் இரைச்சலும் அப்படியே. அதனால் கேபிளுக்குள் ஓர் அடையாளச் சிக்னலைச் சேர்த்து அனுப்பி, அதை மட்டுமே கருவியைத் தேடச் சொல்கிறார்கள். போதாததற்கு, 121இல் சுத்தமாக இருக்கும் கேபிள் 4ஜி ஃபோன்கள் இயங்கும் 750 மெகாஹெர்ட்ஸ் பக்கம் கசியலாம். நுண்ணிய விரிசல்கள் உயர் அலைவரிசையில்தான் வாய் திறக்கும். இரண்டையும் தனித்தனியே அளக்க வேண்டும்.

கனெக்டரை இறுக்கியதும் கிளம்பிவிடக் கூடாது. முதலில் அளந்த அதே இடத்தில், அதே திசை பார்த்து நின்று மீண்டும் அளக்க வேண்டும். எண் பாதிதான் குறைந்திருந்தால், பெரிய கசிவின் நிழலில் இன்னொன்று ஒளிந்திருக்கிறது.