சமன்பட்ட ஏடும் மெய்ம்மையும்

இளங்கலை வணிகவியல் மாணவர் முதலில் கற்கும் இரட்டைப் பதிவு முறையை, அதாவது ஒவ்வொரு நடவடிக்கையையும் ஒரு கணக்கில் பற்றாகவும் மற்றொன்றில் வரவாகவும் எழுதுவதை, 1494இல் வெனிசில் அச்சான நூலில் விளக்கிய லூக்கா பச்சோலி ஒரு பிரான்சிஸ்கன் துறவி. அம்முறையை அவர் தோற்றுவிக்கவில்லை எனினும், ஏட்டைக் கடவுளின் பெயரால் தொடங்குமாறு வணிகர்க்கு அறிவுறுத்தினார். அது வெறும் சடங்கன்று எனக் கொள்ள இடமுண்டு. ஏனெனில், பற்று, வரவு இருப்புகளைத் திரட்டி ஒப்பிடும் இருப்பாய்வு சமன்பட்டாலும், முற்றிலும் எழுதாமல் விடப்பட்ட விற்பனையை அது காட்டிக்கொடுப்பதில்லை; அங்கே எழுதுபவரின் மனச்சான்றே காவல். பாடநூல்கள் விடு பிழை எனப் பெயரிட்டு, தேர்வுக்குப் போதுமென்று கடந்துசெல்லும் இவ்விடத்தில்தான், உள்ளிசைவு மெய்ம்மைக்குப் போதுமா என்னும் தத்துவ வினா எழுகிறது. தணிக்கையாளராக விரும்புவோர் பயிலும் தொழில்சார் ஐயுறவு, அதாவது சான்றை வினவாமல் ஏற்காத மனநிலை, ஏட்டுக்கு வெளியே சரக்கை எண்ணவும் கடனாளிகளிடம் எழுதிக் கேட்கவும் அவர்களை அனுப்புகிறது; ஆயினும் ரொக்கத்துக்கு விற்று மறைத்ததற்கு அங்கும் சான்று அரிதே.